கல்யாண விளம்பர இங்கிலீஷ்

நம் வயதுக்காரர்கள் வீட்டில் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்படி விடிகிறது என்று எனக்குத் தெரியாதா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மகனுக்கோ மகளுக்கோ வரன் தேட உட்கார்ந்துவிடுகிறீர்கள். சிலர் பேப்பரில், சிலர் போனில். தேடுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லேன், உனக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வருமே" என்று மட்டும் கேட்காதீர்கள். போன மாதம் ஒரு சிநேகிதி அப்படித்தான் கேட்டாள். வாங்கிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சர்க்கரையும் இல்லை, ஒரு எழவும் இல்லை. என் அக்காவின் வாழ்க்கையைப் பாதி அந்தப் பக்கம் கெடுத்தது, மீதிப் பாதியை நான் கெடுத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு. அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் ஸ்டோர் கீப்பர் வேலை. காலையில் போங்கா ஊதினால் (டிப்போ சங்கை அங்கே அப்படித்தான் சொல்வோம்) குவார்ட்டர்ஸில் இருக்கிற அத்தனை சைக்கிளும் ஒரே நேரத்தில் கிளம்பும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, காய்கறிக்காரியிடம் மராத்தி. இங்கிலீஷ் மட்டும் எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் பேசாத பாஷை. அப்பா இருபது வருஷமாக இங்கிலீஷில் எழுதினார்: சாமான் பெயர், எண்ணிக்கை, கையெழுத்து. அவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் என்னைக் கான்வென்ட்டில் போட்டார். நான் ஏழாவது படித்தேன். பாடப் புத்தகத்தை ஒப்பிக்க வரும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் நான் அடித்த பீற்றல் இருக்கிறதே, அப்பப்பா! துரைசாணி தோற்றுப் போவாள்.

நிஜமாக இங்கிலீஷ் தெரிந்தவள் அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவள். எம்.ஏ. முடித்துவிட்டு யுனிவர்சிட்டியில் எம்.பில். சேர்ந்திருந்தாள். பத்திரிகைகளிலும் ரேடியோவிலும் இங்கிலீஷ் எப்படிப் புழங்குகிறது என்று ஆராய்வதுதான் அவள் வகுப்பின் வேலை. ஒருவர் ரேடியோச் செய்தி, ஒருவர் விளையாட்டுப் பக்கம் என்று ஆளுக்கு ஒரு மூலை எடுத்துக்கொண்டார்கள். அக்கா எடுத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் கல்யாண விளம்பரங்கள்.

அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. "பத்திரிகை இங்கிலீஷ்ப்பா" என்றாள், அதோடு சரி. கல்யாண வயதில் ஒரு பெண் கல்யாண விளம்பரத்தை வெட்டி வெட்டி வைக்கிறாள் என்றால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று பயந்திருப்பாள். அப்பா தலையங்கம் என்று நினைத்துக்கொண்டார். ஆபீசர் மெஸ்ஸில் வாசித்துப் போட்ட பேப்பர்களைக் கேட்டு வாங்கி, தலையங்கத்தை அளவெடுத்து வெட்டி, மடிப்புக் கலையாமல் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். "என் மக இங்கிலீஷ்ல ஆராய்ச்சி பண்ணுதா" என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பாவம், எத்தனை தலையங்கம் வெட்டினாரோ. அக்கா அவற்றை வாங்கி, "நல்லாருக்குப்பா" என்று சொல்லி ஒரு கவரில் போட்டு வைப்பாள்.

எங்கள் வீட்டில் மேஜை கிடையாது. அக்கா ஒரு தகர டிரங்குப் பெட்டியைப் படுக்கப் போட்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டு எழுதுவாள். மைதா மாவில் பசை காய்ச்சி ஒரு நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தில் வைத்திருப்பாள். அப்பா டிப்போவில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவள் வெட்டித் தருவாள், நான் அட்டையில் ஒட்டுவேன்; அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. அட்டையின் ஓரத்தில் சிவப்பு மசியில் பொடிப் பொடியாக எழுதுவாள். அந்தக் குளிரில் பசை ஆறி ஆடை படிந்துவிடும். விரலில் காய்ந்ததை உரித்துக்கொண்டே நான் விளம்பரங்களைச் சத்தமாக வாசிப்பேன். சிவந்த நிறம், அடக்கம், கான்வென்ட் படிப்பு, வீட்டு வேலை தெரிந்தவள்.

"இதுல 'நான்'னு ஒரு விளம்பரமாவது சொல்லுதா பாரு" என்றாள் ஒரு நாள். "அப்பா சொல்லுதாரு, அண்ணன் சொல்லுதான். கட்டிக்கிடப் போறவ வாயே தொறக்கல. பாதிப் பேருக்குத் தன்னப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கக்கூடத் தெரியாது."

"அப்ப யாரு எழுதுதா?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும்" என்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மார்ச் கடைசிக்குள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் ஒரு பெண்கள் கல்லூரியில் லெக்சரர் இடம் இருக்கிறது என்று அவளுடைய புரொபசர் சொல்லியிருந்தார். சிவாஜிநகரில் ஒரு ஹாஸ்டல் அறை, அதில் ஒரு மேஜை. மேஜை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டுவாள். அம்மா கூட்டும்போது, "என்னட்டி கோலம் இது" என்று திட்டிக்கொண்டே அழிப்பாள்.

விளம்பரம் கொடுத்தவர்களிடமே கேட்டுவிடு என்று யோசனை சொன்னவர் அந்தப் புரொபசர்தான். அக்கா ஏழு கேள்விகள் எழுதினாள். இந்த விளம்பரத்தை எழுதியது யார்? வீட்டில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? இந்தச் சொல்லை ஏன் போட்டீர்கள்? இப்படி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் நகல் போட்டு, மை காயாத காகிதங்களை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பேப்பர் ஆபீஸ் யாருடைய விலாசத்தையும் தராது. கவரின் மேல் விளம்பரத்தின் பாக்ஸ் நம்பரை எழுதிப் போட்டால் அவர்களே உரியவருக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் அவளும் கவர் ஒட்டினோம். தபால் பெட்டியில் போட்டது நான்.

காகிதத்தின் அடியில் அவள் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் மிஸ். கீழே எங்கள் குவார்ட்டர்ஸ் விலாசம். இவ்வளவு படித்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கல்யாண விளம்பரத்துக்கு ஒரு கல்யாணமாகாத பெண், சொந்த விலாசம் போட்டுக் கடிதம் எழுதினால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்கள் வந்தன. ஒன்றில்கூடக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. எல்லாம் ஜாதகம்! நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகங்கள், ஸ்டுடியோவில் பவுடர் பூசி எடுத்த போட்டோக்கள். பையனுக்குச் சைனஸ் உண்டு, மற்றபடி குறையில்லை என்று ஒரு தகப்பனார். தங்களுக்கு நிறம் முக்கியமில்லை, பெண்ணின் போட்டோவை உடனே அனுப்பவும் என்று ஒரு தாய்மாமன். முதல் இரண்டு கடிதத்துக்கு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாவதுக்குச் சிரிக்கவில்லை.

"ஒருத்தர்கூடக் கேள்விய வாசிக்கலியேட்டி" என்றாள். கண் கலங்கிவிட்டது. "நான் வேற எதுக்கும் எழுதுவேன்னு ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

அதிலிருந்து போஸ்ட்மேன் வரும் நேரத்துக்கு நான் தெருமுனையில் போய் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் என்னைக் கண்டதும், "தாயீச்ச பத்ர!" என்று கத்துவார், அக்காவின் கடிதம் என்று. நான் பாவாடைக்குள் செருகிக்கொண்டு ஓடி வருவேன். கடிதங்கள் டிரங்குப் பெட்டிக்குள் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவல் போஹே தாளித்த வாசனை வீடு முழுக்க இருக்கும்போது, கதவைத் தட்டினார்கள். வேட்டியில் ஒரு பெரியவர், பின்னால் பேன்ட் போட்ட ஒரு பையன், கையில் ஆரஞ்சுப் பழப் பை.

"நாங்க பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத்துலேர்ந்து வாரோம். சொந்த ஊரு தென்காசி" என்றார் பெரியவர். "உங்க மக லெட்டர் போட்டிருந்தாவ. அந்தத் தைரியம் எங்களுக்குப் பிடிச்சுது. நேர்லயே பாத்திருவோம்னு வந்துட்டோம்."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நம் ஊர்க்காரர், வீடு தேடி வந்தவர். "வாங்க, உக்காருங்க" என்றார். அம்மா எதற்கென்று தெரியாமலே போஹேவை இரண்டு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். பெரியவர் பைக்குள் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். அக்காவின் சைக்ளோஸ்டைல் காகிதம். "கேட்டிருந்த கேள்விக்கெல்லாம் மவன் பதில் எழுதியிருக்கான். ஏழுக்கும் எழுதியிருக்கான்" என்றார்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அக்கா அதைப் பார்த்தாள். அத்தனை கவர் போட்டதில் கேள்விகளுக்குப் பதில் எழுதி வந்த ஒரே காகிதம் அது. அவளுக்கு அந்த நேரத்தில் அப்பாவும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை. விறுவிறு என்று நடந்து வந்து, அதை அவர் கையிலிருந்து வாங்கி, நின்ற இடத்திலேயே வாசிக்க ஆரம்பித்தாள். முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. பெரியவர் மகனைப் பார்த்துச் சிரித்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு அந்த அறையில் இருந்த எல்லாரும் ஒரே அர்த்தம்தான் எடுத்தார்கள்.

அவர்கள் போனதும் டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. அப்பா ஜாதகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். போட்டோக்களை வைத்தார். அவர் வெட்டிக் கொடுத்த தலையங்கங்களும் அடியிலிருந்து வந்தன. ஒன்றில்கூட ஒரு சிவப்புக் கோடு இல்லை. அதைத்தான் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூறு கெட்ட மூதி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தன பேருக்குட்டி எழுதுனே? ஊரு சிரிக்காதா?"

"படிப்புக்கும்மா. சத்தியமா படிப்புக்குத்தான். அந்தக் காகிதத்துல கேள்வி இருக்குல்லா, வாசிச்சுப் பாருங்கப்பா."

அப்பா வாசிக்கவில்லை. "இத ஒரு படிப்புன்னு எவன் சொல்லுவான்?" என்று கேட்டார்.

"எங்க சார் சொல்லுவாரு. அவர்தான் எழுதச் சொன்னாரு. நாளைக்கே வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீ வரவேண்டாம். நீ வந்தா ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிடுவீங்க. நான் கேக்கேன். அவரு ஆமான்னா நீ படி. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றார் அப்பா. அந்த வார்த்தையை அவர் மனசாரத்தான் சொன்னார். அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அது போதும். அந்த சார் ஆமாம் என்றுதானே சொல்வார்?

மறுநாள் அப்பா லீவு போட்டார். எனக்குப் பள்ளி இருந்தது. போக வேண்டாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. லோக்கல் ரயிலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காது கொடுத்துக் கேட்டேன். "ஐ ஆம் தி ஃபாதர் ஆஃப்..." அதற்கு மேல் போகவில்லை. மறுபடி ஆரம்பிப்பார். கடக்கி ஸ்டேஷன் வரும்வரை அந்த வாக்கியம் முடியவே இல்லை.

யுனிவர்சிட்டியில் உயரமான கல் கட்டடம், நீள நடை. புரொபசரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நான்கைந்து பேர் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மடை திறந்தது போல இங்கிலீஷ். அப்பா டிப்போ பூட்ஸைத் துடைத்துப் போட்டு வந்திருந்தார். அது கல் தரையில் சத்தம் போடுகிறது என்று நுனிக்காலால் நடந்தார். கதவுக்கு நான்கடி தள்ளி நின்றார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். டிசம்பர் குளிரில் அந்த மனுஷனுக்கு வேர்த்தது.

பியூன் ஒருவர் வந்து, "கோண் பாஹிஜே?" என்று கேட்டார், யார் வேண்டும் என்று. அப்பா என் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, நீ உள்ள போயி கேளேன். நீதான் நல்லாப் பேசுவியே. அப்பா வெளிய நிக்காவன்னு சொல்லு."

நான் பேசுகிற இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா? இத்தனை நாள் அடித்த பீற்றலெல்லாம் அந்தக் கதவுக்குள் போனால் கிழிந்துவிடும். "மாட்டேன்" என்றேன். "போம்மா" என்றார். என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். "மாட்டேன்னா மாட்டேன்."

அப்பா நிமிர்ந்து, பியூனிடம், "காஹீ நாஹீ" என்றார். ஒன்றுமில்லை. திரும்பி நடந்தார். மராத்தியில் கேட்டிருக்கலாம், அந்தப் புரொபசருக்கும் அதுதானே தாய்பாஷை? இது எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தோன்றியது. அவருக்குக் கடைசிவரை தோன்றியிருக்காது. இங்கிலீஷ் படிப்பைப் பற்றி இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும், வேறு பாஷையில் கேட்டால் மகளுக்கு அவமானம் என்று நினைத்தார். வெளியே வந்து எனக்கு ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள். அப்பா செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பாத்துட்டேன். அப்படி ஒரு படிப்பே கெடையாதுன்னுட்டாரு. இவளா செஞ்சதுன்னு சொல்லிட்டாரு."

அக்கா நம்பவில்லை. என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூட இருந்தேல்லா? அப்பா உள்ள போனாவளா?"

"ஆமா."

"சார் என்ன சொன்னாரு? அவரு சொன்ன வார்த்தயச் சொல்லு. இங்கிலீஷ்ல எப்படிச் சொன்னாரு?"

வார்த்தை வார்த்தையாகக் கேட்பதுதானே அவள் படிப்பு. நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். பொய். உள்ளே போகச் சொல்லி நான் மாட்டேன் என்றது தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தேன். வாயைத் திறந்தேன். தடங்கலே இல்லாமல் வந்தது இங்கிலீஷ்.

"ஐ நெவர் டோல்ட் ஹெர் டு டூ திஸ்" என்றேன்.

நான் அவளிடம் இப்படிச் செய்யச் சொல்லவே இல்லை என்று அர்த்தம். பன்னிரண்டு வயதில், அந்தப் புரொபசரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவருக்காக நான் பேசியது அது. என் பள்ளிக்கூட வாழ்க்கையிலேயே பிழையில்லாமல் பேசிய முதல் வாக்கியம். அக்கா என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் வாதாடவில்லை. அழுதிருந்தாலும், பட்டினி கிடந்திருந்தாலும் அப்பா இறங்கி வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் தன் பக்கம் நிற்பார் என்று நம்பிய ஒரே ஆள் கைகழுவிவிட்டாரே என்று அவள் உடைந்துபோனாள். யுனிவர்சிட்டிப் பக்கமே போகவில்லை. அந்தக் காலத்தில் பாதியில் நின்றுபோன பெண்ணை யாரும் தேடிக்கொண்டு வருவதில்லை, கல்யாணம் ஆகியிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். அது நிஜமாகவும் ஆயிற்று. அம்பர்நாத்காரர்கள் மறுபடி வந்தார்கள். ஊர் வாயில் விழுவதற்குள் முடித்துவிடலாம் என்று தை மாதத்திலேயே அப்பா கல்யாணத்தை முடித்தார். அட்டைகளெல்லாம் பழைய பேப்பர்காரன் சாக்கில் போயின.

அத்தான் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காரியம் செய்வார். யார் வீட்டுக்கு வந்தாலும், பேரப்பிள்ளைகள் வரைக்கும், "இவ தானா எனக்கு லெட்டர் போட்டுத் தேடிப் பிடிச்சவ" என்று பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார். அக்கா மறுத்துப் பேச மாட்டாள். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அப்பா போய், அம்மாவும் போன பிறகு, போன வருஷம் நான் அம்பர்நாத்துக்குப் போனேன். இனி யாருக்கும் நஷ்டமில்லை, சொல்லித் தொலைத்துவிடலாம் என்ற முடிவோடுதான் போனேன். அத்தான் கோவிலுக்குப் போயிருந்தார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளாகவே பேச்செடுத்தாள்.

"எங்க சார் செத்துப் போனது ஒனக்குத் தெரியுமா? எட்டு வருசம் இருக்கும். பேப்பர்ல போட்டிருந்தான். அன்னைக்கு நான் பாயசம் வச்சேன்."

"அக்கா..."

"என்ன விசேஷம்னு ஒங்க அத்தான் கேட்டாவ. ஒண்ணுமில்ல, நாக்குக்கு இனிப்பா இருக்கட்டும்னேன். ரெண்டு டம்ளர் குடிச்சேன்ட்டி. ஒரு பொண்ணு வாழ்க்கைல ஒரே ஒரு வார்த்த, 'ஆமா, நான்தான் சொன்னேன்'னு சொல்ல முடியாதவன் செத்தா என்ன, இருந்தா என்ன?"

நான் சொன்னேன். நடை, பியூன், தூண், வடாபாவ், எல்லாம் சொன்னேன். அந்த இங்கிலீஷ் வாக்கியம் என்னுடையது என்றும் சொன்னேன். அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத ஏன்ட்டி இப்ப வந்து சொல்லுதே?" என்றாள். "ஒன்னோடயே வச்சுக்கிட வேண்டியதுதானே? நாப்பத்தஞ்சு வருசமா ஒரு மனுசனத் திட்டித்தான் நான் காலத்த ஓட்டினேன். இனி யாரத் திட்டச் சொல்லுதே?"

அதோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தான் வந்து எனக்குச் சோறு போட்டார்.

இப்போது போன் செய்தால் அத்தான்தான் எடுக்கிறார். "அவ குளிக்காம்மா, அப்புறமா பேசச் சொல்லுதேன்" என்கிறார். காலையில் அடித்தாலும் குளிக்கிறாள், மத்தியானம் அடித்தாலும் குளிக்கிறாள். நேற்றுச் சாயங்காலமும் அடித்தேன், குளித்துக்கொண்டுதான் இருந்தாள்.